இவரு பேரு

புருஷன் பேரைச் சூர்யகலா தன் வாயால் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள். அதுவும் ரேஷன் கார்டுக்காக.

1993ஆம் வருஷம், பங்குனி மாதம். பெருமுக்கல் தெருவில் வீடு வீடாகப் பேர் எழுதிக்கொண்டு வந்தவர் வாசலில் நின்று, "குடும்பத் தலைவர் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். இந்த மாதிரி நேரத்தில் ஓரகத்தி பூமாலையோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு ஊரே வேர்க்கடலைக் கொல்லிக்கு மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தது. இடுப்பில் இரண்டு வயது அஸ்வினி சிணுங்குகிறாள். வந்தவர் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார்.

"வேங்கடேசன்" என்றாள்.

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலையில் கூடையோடு அப்போதுதான் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மாமியார் லட்சுமியம்மாள், வந்தவர் போகும்வரை காத்திருந்து, "பேர ஏலம் வுட்டுட்டியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாம் நாள், மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து வேங்கடேசனுக்கு இடது கால் முறிந்தது. கட்டுப் பிரித்து எழுந்து நடந்தபோது அந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாகியிருந்தது. வண்டியில் பாரம் அதிகம், அச்சு பழசு என்பதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். ஏதோ சாமி புண்ணியம், காலோடு போயிற்று என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வேங்கடேசன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. அவன் வீட்டுக்குள் நடந்தாலே இடது கால் சிமெண்ட் தரையில் லேசாக இழுக்கும். அடுப்படியில் இருந்தால் கூட அந்தச் சத்தம் சூர்யகலாவுக்குக் கேட்கும்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சீட்டை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் அஸ்வினியைச் சொல்லவைத்தாள். பேங்கில் கேட்டபோது பாஸ்புக்கில் விரலை வைத்துக் காட்டினாள். அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் "அஸ்வினி அப்பா". மற்றவர்களிடம் சொல்ல வேண்டுமென்றால் "இவரு". பூமாலை கேலி பண்ணுவாள்: "வெங்காயத்தக்கூட எவ்ளோ பயபக்தியா கேக்கறா பாரு கடையில."

பூமாலை, வேங்கடேசனுடைய அண்ணன் தாண்டவராயனின் பெண்டாட்டி. அண்ணன் தம்பிக்கு நிலம் பாகம் பிரிந்தும் வீடு பாகம் பிரியவில்லை. நடுவில் ஒரு சுவர் மட்டும் எழும்பியிருந்தது. தாண்டவராயன் சொன்னால் வேங்கடேசன் தட்டமாட்டான். தாண்டவராயனோ, விழுப்புரத்தில் காலேஜ் படிக்கும் தன் மகன் ரஞ்சித் சொன்னால் தட்டமாட்டார்.

2008ஆம் வருஷம் கோடையில் ரஞ்சித்தான் அந்த டிவி நிகழ்ச்சியைப் பற்றிய சேதியோடு வந்தான். நிகழ்ச்சிக்குப் பேர் "ஊர் என்ன சொல்லுது?". மாவட்டத்துக்கு ஒரு வாரம் நடத்துகிறார்கள். விழுப்புரம் மாவட்டத்துக்கு ஆள் எடுக்க ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு. ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் வேண்டும், எல்லாருக்கும் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். அஸ்வினிக்குப் பதினேழு. லட்சுமியம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிவிட்டது. இரண்டு அண்ணன் தம்பி, ரஞ்சித், பூமாலை என்று எண்ணி, ஐந்தாவதுக்கு வேறு வழியில்லாமல் சூர்யகலாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. ரஞ்சித் உள்கதவில் சாக்பீஸால் பதில்களை எழுதி, ஒவ்வொன்றின் மேலும் பழைய காலண்டர் தாளை ஒட்டி மறைத்திருந்தான்.

"நல்லா கேட்டுக்கங்க. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நூறு பேர நிக்கவச்சி ஒரு கேள்வி கேட்டிருப்பாங்க. எந்தப் பதில அதிகம் பேரு சொன்னாங்களோ அது மொதல்ல. முப்பது பேரு சொல்லியிருந்தா நமக்கு முப்பது பாயிண்டு. ரெண்டு பேரு சொல்லியிருந்தா ரெண்டு."

"சரியான பதில் இன்னான்னு யாரு பாத்து சொல்றது?" என்றார் தாண்டவராயன்.

"சரி, தப்புன்னு ஒண்ணு இல்லப்பா. நூறு பேரு சொன்னதுதான் சரி."

"நூறு பேரும் தப்பா சொல்லியிருந்தா?" என்றாள் பூமாலை.

"நீயும் அதே தப்ப சொல்லணும்."

"அப்ப நம்ம பஞ்சாயத்து மாதிரின்னு சொல்லு."

ரஞ்சித் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே சொன்னான். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் டீமுக்கு ஒருத்தர் நடுவில் போய் நிற்க வேண்டும். பட்டனை முதலில் அடிக்கிறவர் பதில் சொல்லலாம். எந்தப் பக்கம் பெரிய பதில் வந்ததோ, அந்த டீம் வரிசையாக மிச்சப் பதில்களைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மூன்று தடவை தப்பினால் போச்சு. எதிர் டீம் கூடிப் பேசி ஒரே ஒரு பதில் சொல்வார்கள், அது பலகையில் இருந்தால் மொத்த பாயிண்டும் அவர்களுக்கு. கடைசிக் கேள்விக்கு மட்டும் பாயிண்டு மூன்று மடங்கு. அதனால் முன்னே எவ்வளவு எடுத்திருந்தாலும், கடைசிக் கேள்வியை எடுத்தவன்தான் கெலிச்சவன்.

"கேள்வி. வெளியூர் போறப்ப எத மறந்துட்டுப் போவாங்க?"

"நான் எதையும் மறக்கறதில்ல" என்றார் தாண்டவராயன்.

"உன்ன யாருப்பா கேட்டது? நூறு பேரு இன்னா சொல்வாங்க?"

வேங்கடேசன் யோசித்து யோசித்து, "தாயத்து" என்றான். பூமாலை "துண்டு" என்றாள். அடுப்படியில் கேப்பை மாவைக் கிளறிக்கொண்டிருந்த சூர்யகலா திரும்பாமலே, "செல்போன் சார்ஜரு. அப்புறம் சீப்பு. அப்புறம் குடை" என்றாள்.

ரஞ்சித் தாள்களைத் தூக்கிக் காட்டினான். மூன்றும் இருந்தன, அதே வரிசையில்.

அன்றைக்குக் கேட்ட பன்னிரண்டு கேள்விகளில் ஒன்பதுக்கு முதல் பதிலை அவள்தான் சொன்னாள். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் ஊர் என்ன நினைக்கும் என்று பதினெட்டு வருஷமாக யோசித்துப் பழகியவளுக்கு, ஊர் என்ன சொல்லும் என்பது தெரியாமல் இருக்குமா?

"சித்தி, நீதான் கடைசியில நிக்கற" என்றான் ரஞ்சித். "ரெண்டு தப்பு ஆயிட்டு வர்றப்ப காப்பாத்தறதுக்கு ஆளு வேணும்."

விழுப்புரத்துத் தேர்வில் தேறினார்கள். பரிசு ஸ்கூட்டர் என்று தெரிந்தது. அதற்குள் ப்ளஸ் டூ ரிசல்ட்டும் வந்தது. அஸ்வினி ஆயிரத்து நாற்பத்திமூன்று. திண்டிவனத்துக் காலேஜில் வேதியியல் சேர வேண்டும் என்று அவள் பத்தாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேங்கடேசன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஊருக்குள் வரும் பஸ்ஸைக் காரணம் காட்டினான். பொம்பளைப் பிள்ளை படியில் தொங்கிக்கொண்டு போய்ப் படிக்க வேண்டாம். அஸ்வினி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அவன் சொன்னான்:

"வியாழக்கெழமை ஷூட்டிங். வண்டி கெலிச்சா அதுல போய் படி. வெள்ளிக்கெழம நானே இட்டுக்கினு போயி அப்ளிகேஷன் பாரம் வாங்கித் தர்றேன். கெலிக்கலன்னா கம்முனு வூட்ல இரு. இதுக்கு மேல பேஜார் பண்ணாத."

"வெள்ளிக்கெழமதாம்பா கடைசி நாளு."

"அதான் வெள்ளிக்கெழமன்னு சொன்னனே."

அஸ்வினி அம்மாவைப் பார்த்தாள். சூர்யகலா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மகள் படிப்பைக் கொண்டுபோய் ஒரு விளையாட்டில் வைக்கிறாரே என்று தோன்றியது. கேட்கத் தோன்றவில்லை. இத்தனை நல்லா பதில் சொல்கிறோமே, கெலித்துவிடலாம் என்றும் தோன்றியது. அவளுக்கு எதிலாவது நம்பிக்கை வந்தது என்றால் அந்த ஒரு வாரம்தான்.

சென்னையில் ஸ்டூடியோவுக்குப் பக்கத்து அறையில் இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்திருந்தார்கள். எதிர் டீம் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம். தலைவர் சவுரிராயன், கட்டுமரத்தில் போகிறவர், கரகரத்த குரல். அவர் பெண்டாட்டி முனியம்மாள் சூர்யகலாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பவுடர் போட்ட முகத்தைக் காட்டி, "என்ன இப்டி பொணத்துக்குப் பூசன மாதிரி பூசிட்டாளே அந்தப் பொண்ணு" என்றாள். பிறகு திரும்பி, "யோவ் சவுரி, சட்டப் பட்டன போடுய்யா, டிவியில நெஞ்சு மயிரா காட்டப்போற?" என்று கத்தினாள்.

சூர்யகலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அப்டி பாக்கற?"

"இல்ல... பேர சொல்லி..."

"பேரு வெச்சது கூப்பிடத்தானே? கடலுக்குப் போற ஆம்பளைய கரையிலேர்ந்து 'இந்தாங்க, இந்தாங்க'ன்னா எவன் திரும்புவான்?" முனியம்மாள் சிரித்தாள். "உன் வூட்டுக்காரர் பேரு இன்னா?"

சூர்யகலா சிரித்து வைத்துவிட்டு ரஞ்சித்தைத் தேடினாள். "வேங்கடேசன்" என்று அவன்தான் சொன்னான்.

விளக்குகளுக்குக் கீழே நின்றபோது கண் கூசியது. எதிரே பார்வையாளர் வரிசையில் அஸ்வினி இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சி நடத்துகிறவர் கோட்டு போட்ட இளைஞர். எல்லாவற்றுக்கும் "சூப்பர்மா" என்றார். முதல் மூன்று கேள்விகளில் சூர்யகலா ஒரு பதிலும் தப்பவில்லை. "கல்யாண வீட்டில் எதற்காகச் சண்டை வரும்?" என்றதற்கு "பந்தியில அப்பளம்" என்று அவள் சொல்ல, முப்பத்தொன்று என்று பலகை திரும்பியபோது வேங்கடேசனே கை தட்டினான். அவள் சொன்னதற்கு அவன் கை தட்டியதை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒன்றில் இவர்கள், ஒன்றில் அவர்கள் என்று ஏறி இறங்கி, கடைசிக் கேள்வி வந்தது. மூன்று மடங்கு. தாண்டவராயனும் சவுரிராயனும் நடுவில் வந்து பட்டன் மேல் கையை ஓங்கிக்கொண்டு நின்றார்கள்.

"திருப்பதிப் பெருமாளுக்கு இன்னொரு பேர் சொல்லுங்க!"

சவுரிராயன் முந்தினார். "கோவிந்தா!" இரண்டாவது பதில், இருபத்தாறு. தாண்டவராயன் நிதானமாகத் தொண்டையைச் செருமி, "ஏழுமலையான்" என்றார். முதல் பதில், முப்பத்தெட்டு. ஆட்டம் இவர்கள் கைக்கு வந்தது. பலகையில் இருந்தது நான்கே பதில். இன்னும் இரண்டு கண்டுபிடித்தால் போதும்.

வேங்கடேசன் முறை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி விறைப்பாக நின்று, முழுப் பேராகச் சொன்னான்: "வேங்கடாசலபதி." பலகை திரும்பியது. பதினேழு. மிச்சம் ஒன்று.

ரஞ்சித், "பாலாஜி" என்றான். பெரிய சிவப்புப் பெருக்கல் குறியும் ஒரு அலறலும் வந்தன. "அது வடக்கத்திக்காரங்க சொல்றதுடா" என்று முணுமுணுத்த பூமாலை, தன் முறை வந்ததும் அவசரத்தில் "ரங்கநாதர்" என்றாள். இரண்டாவது அலறல். "அட ஆண்டவனே, அது ஸ்ரீரங்கம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சூர்யகலாவுக்கு அந்தப் பதில் எப்போதோ தெரிந்துவிட்டது. வேங்கடாசலபதி என்று அவன் சொன்னபோதே தெரிந்துவிட்டது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களில் பத்துப் பேராவது அதைச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் யாருக்கு என்ன? அண்ணன் பேர், மாமன் பேர், பக்கத்துக் கடைக்காரன் பேர். சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போயிருப்பார்கள்.

"சொல்லுங்கம்மா. ஒரே ஒரு பதில்தான். ஸ்கூட்டர் வெளியில நிக்குது."

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் பூமாலை, அதற்கப்பால் ரஞ்சித், அதற்கப்பால் அவன். நிற்க முடியாமல் பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். இடது கால் தரையில் இழுத்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவளுக்குக் கேட்டது.

"இவரு பேரு" என்றாள்.

"என்னம்மா?"

"அதாங்க." கையை நீட்டி வேங்கடேசனைக் காட்டினாள். "இவரு பேருதாங்க."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் அரங்கம் முழுக்கச் சிரித்தது. நடத்துகிறவரும் சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியுதும்மா, ஆனா நீங்கதான் வாயால சொல்லணும். ரூல்ஸ். மூணு செகண்டு."

"சொல்டி!" என்றாள் பூமாலை. "சித்தி, சொல்லு சித்தி!" தாண்டவராயன், தம்பி பெண்டாட்டியிடம் நேரே பேசாதவர், கூரையைப் பார்த்து, "ஜல்தியா சொல்லச் சொல்லு" என்றார். வேங்கடேசன் மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல் என்று அவன் ஒரு தலை அசைத்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது அலறல் வந்தது.

எதிர் டீம் கூடிப் பேசவே இல்லை. முனியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். சூர்யகலாவை ஒரு தடவை பார்த்தாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று கேட்கிற பார்வை. பிறகு, கடற்கரையிலிருந்து கூப்பிடுகிற குரலில், "வேங்கடேசன்!" என்றாள்.

பலகை திரும்பியது. பதினொன்று.

வேன் திண்டிவனம் தாண்டியது. மரக்காணம் ரோட்டில் திரும்பும்போதுதான் வேங்கடேசன் வாயைத் திறந்தான்.

"ஒரு காலு போச்சி. இன்னொரு காலும் போனா போவட்டும்னு சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே."

"கம்முனு இருடா" என்றார் தாண்டவராயன். அதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் அஸ்வினி தலை குளித்து, மார்க் ஷீட்டையும் போட்டோவையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பச்சைச் சுடிதாரில் கதவோரம் உட்கார்ந்தாள். கெலிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் உட்கார்ந்தாள். வேங்கடேசன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தான். காலை பஸ் போயிற்று. மதிய பஸ்ஸும் போயிற்று. சூர்யகலா மூன்று தடவை கட்டிலருகே போய்விட்டு மூன்று தடவையும் திரும்பினாள். நாலு மணிக்கு அஸ்வினி எழுந்து போய்ப் பழைய பாவாடையை மாற்றிக்கொண்டு வந்து, "மாவு ஆட்டணுமாம்மா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை சூர்யகலா, தாய்வீட்டுக் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, அந்தக் கவரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தனியாகத் திண்டிவனம் போனாள். காலேஜ் ஆபீஸில் கம்பி வலைக்குப் பின்னால் ஒருவர் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ளிகேஷன் வேணுங்க. பொண்ணுக்கு."

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிபோச்சேம்மா."

"நல்ல மார்க்குங்க. பாருங்க. ஆயிரத்து நாப்பத்திமூணு."

அவர் கவரை வாங்கிப் பார்த்தார். பார்த்தவரைக்கும் நல்ல மனுஷன்தான். "எந்த ஊரு? யாரு பொண்ணு?" என்றார்.

"பெருமுக்கல்லுங்க. வேங்கடேசன் பொண்ணு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது. கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரர் டீயை உறிஞ்சினார். அந்தப் பேரில் அங்கே யாரும் திடுக்கிடவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச வேங்கடேசன் இல்ல போலிருக்கு" என்றபடி அவர் கவரைத் திருப்பிக் கொடுத்தார். "மூணு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா? அடுத்த வருஷம் வாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வேங்கடேசன் கொல்லியிலிருந்து வர நேரமாயிற்று. சூர்யகலா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். மல்லாட்டைக் கொல்லியில் வரப்பு வழுக்கும்; கிணற்று மேட்டில் பாம்பு இருக்கும். இருட்டுவதற்கு முன் அந்தச் சத்தம் கேட்டது. வலது கால், இழுக்கிற இடது கால். தொட்டியடியில் நின்று காலைக் கழுவினான். அவள் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கீறல் கூட இல்லை. "இன்னா பாக்கற, தண்ணி குடு" என்றான்.

ஒன்பது நாள் எண்ணினாள். பிறகு ஒரு மாதம் எண்ணினாள். அவனுக்கு ஜலதோஷம் கூடப் பிடிக்கவில்லை. எண்ணி முடித்த அன்றைக்குச் சூர்யகலா அடுப்படியில் உட்கார்ந்து, எதற்கென்று யாருக்கும் சொல்லாமல், கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆடியில் அந்த நிகழ்ச்சி டிவியில் வந்தது. "இவரு பேரு" என்று அவள் கையைக் காட்டுகிற இடத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு கோமாளிச் சத்தமும் சேர்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் வேங்கடேசனுக்கு அதுவே பேராகிவிட்டது. டீக்கடையில், "இவரு பேருக்கு ஒரு டீ போடு" என்பார்கள். அவன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். அடுத்த வருஷம் காலேஜ் பாரம் கொடுக்கிற மாதம் வருவதற்குள் முகையூரில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டான். மாப்பிள்ளை பேர் வெற்றிவேல். நல்ல பையன், தனியார் கம்பெனியில் வேலை.

கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைத் திருத்த, புருஷனும் பெண்டாட்டியும் திண்டிவனத்து அச்சகத்துக்குப் போயிருந்தார்கள். வேங்கடேசனுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தான். அச்சகக்காரர் தாளைச் சூர்யகலாவிடம் நீட்டி, "உரக்கப் படிங்கம்மா, தப்பு இருந்தா தெரியும்" என்றார்.

அவள் மேலேயிருந்து படித்தாள். குலதெய்வம் துணை. நாள், நட்சத்திரம், முகூர்த்த நேரம். "பெருமுக்கல் திரு. வேங்கடேசன்" என்று படித்தாள். குரல் எங்கும் தட்டவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த வரிக்குப் போனாள்.

"மாப்பிள்ளைக்குப் பி.ஏ. போட்டிருக்கேன்" என்றார் அச்சகக்காரர், பேனாவால் தொட்டுக் காட்டி. "பொண்ணு பேருக்குப் பின்னாடி என்ன போடணும்? வெத்தா கெடக்கு பாருங்க, எடம்."

வேங்கடேசன் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் சூர்யகலா. "பேரு மட்டும் போடுங்க."